கேசட்டுக்குள் தூங்கும் பாட்டு
பழைய வீடியோ கேம் இசையை மீட்க உலகமெங்கும் தேடுதல் வேட்டை! நம் வீட்டுப் பரணிலும் ஒரு துண்டு கிடக்கலாம்

டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் கையில் மஞ்சள் நிறக் கேசட் இருக்கும். அதை வாய்க்கு அருகே கொண்டுபோய் "உஃப்" என்று ஊதுவான். யந்திரத்தில் சொருகுவான். பொத்தானைத் தட்டுவான்.

உடனே சங்கீதம் கிளம்பும். மீசை வைத்த குள்ள மரியோ ஓடத் தொடங்குவான்!

1990-ம் ஆண்டுகளில் கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. அந்தப் பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். தலையில் நரையும் எட்டிப் பார்க்கிறது. ஆனாலும், அந்தப் பாட்டின் முதல் அடி காதில் விழுந்தால், அடுத்த அடியை வாய் தானாக முணுமுணுக்கிறது.

அந்தப் பாட்டு இப்போது எங்கே இருக்கிறது?

அதைத் தேடித்தான் பல நாடுகளில் ஒரு கூட்டம் அலைகிறது. பழைய கேசட்டுகளை இவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் இசையை வெளியே எடுக்கிறார்கள். சட்டம் இவர்களை மறிக்கிறது. காலம் இவர்களைத் துரத்துகிறது.

விளையாட்டுப் பொம்மைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கத் தோன்றும். சினிமாவையும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

"காளிதாஸ்" எங்கே?

தமிழில் முதல் பேசும் படம் "காளிதாஸ்". 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வெளிவந்தது. டி.பி.ராஜலட்சுமி கதாநாயகியாக நடித்தார். ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

இன்று அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இருப்பதாகத் தெரியவில்லை. ஓடி முடிந்த படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. படங்களைப் பாதுகாக்க புனா நகரில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-ம் ஆண்டில்தான். இடையில் 33 ஆண்டுகள் ஓடிவிட்டன.

வீடியோ கேம் இப்போது அதே நிலையில் நிற்கிறது.

அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை, 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு கணக்கை வெளியிட்டது. 2010-ம் ஆண்டுக்கு முன் அந்த நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில், 100-க்கு 87 இப்போது விற்பனையில் இல்லை என்பதே அந்தக் கணக்கு.

ஆட்டம் கிடைக்காவிட்டால், அதற்குள் இருக்கும் பாட்டும் கிடைக்காது.

ரிகார்டு அல்ல, உத்தரவு!

பாட்டை மட்டும் தனியே எடுத்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

நாகஸ்வர வித்வான் வாசிப்பதை ரிகார்டு செய்தால் அது இசைத்தட்டு ஆகிறது. எந்தப் பெட்டியில் போட்டாலும் அது பாடும். பழைய வீடியோ கேம் கேசட்டில் அப்படி ரிகார்டு செய்த பாட்டு இல்லை.

அதில் இருப்பவை உத்தரவுகள் மட்டுமே! "இந்தச் சுரத்தை இவ்வளவு நேரம் ஊது. பிறகு அந்தச் சுரத்துக்குப் போ. இப்போது மேளத்தைத் தட்டு." இப்படி ஆயிரக்கணக்கான உத்தரவுகள் இருக்கும்.

யந்திரத்துக்குள் விரல் அளவு "சிப்" ஒன்று இருக்கிறது. அதுதான் வித்வான். உத்தரவு வர வர, அது அந்த நிமிஷமே வாசிக்கிறது. யந்திரம் கெட்டுப்போனால் உத்தரவைப் படிக்க ஆள் இல்லை. பாட்டு ஊமையாகிவிடும்.

இந்த விஷயம் கல்வராயன் மலை மக்களுக்குச் சட்டென்று விளங்கும். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கும் அந்த மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். தாய் பாடக் கேட்டு மகள் பாடும் பாட்டு ஏட்டில் இருப்பதில்லை. பாடும் வாய் இருக்கும் வரை பாட்டு இருக்கும். வாய் மூடினால் பாட்டும் போய்விடும்.

ஜப்பானியக் கம்ப்யூட்டர் பாட்டும், மலைப் பாட்டும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே சாதி!

ஐந்து குரல் கச்சேரி

1978-ம் ஆண்டு ஜப்பானில் "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" என்ற ஆட்டம் வந்தது. அதில் இருந்த இசை நான்கே சுரம். வானத்தில் இருந்து எதிரிகள் இறங்கி வருவார்கள். அவர்களைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, அந்த நான்கு சுரமும் வேகம் பிடிக்கும். ஆடுகிறவன் நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்ளும்.

1983-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி "ஃபாமிகாம்" என்ற வீட்டு யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சிப்புக்கு ஐந்து குரல்.

இரண்டு குரல் பாட்டை வாசிக்கும். ஒன்று அடிநாதம் கொடுக்கும். நாலாவது "உஸ்" என்று இரையும். அதைத் துண்டு துண்டாக வெட்டினால் மேளச் சத்தம். ஐந்தாவது, மிகச் சிறிய ஒலித்துண்டுகளைத் திரும்பச் சொல்லும்.

இந்த ஐந்து குரலை வைத்துக்கொண்டு கோஜி கோண்டோ என்ற ஜப்பானிய இளைஞர் 1985-ம் ஆண்டு "சூப்பர் மரியோ" ஆட்டத்துக்கு இசை அமைத்தார். படம், பாட்டு, ஆட்டம் எல்லாம் சேர்த்து அந்தக் கேசட்டின் கொள்ளளவு 40 கிலோபைட்! இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதில் அடைக்க முடியாது.

அந்தப் பாட்டுக்கு 2023-ம் ஆண்டு பெரிய மரியாதை கிடைத்தது. அழியக்கூடாத ஒலிப்பதிவுகள் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இடம் பெற்ற முதல் வீடியோ கேம் இசை அதுதான்.

எப்படி எடுக்கிறார்கள்?

முதல் வேலை, கேசட்டைக் கண்டுபிடிப்பது. பழைய சாமான் கடை, ஏலம், மூடிப்போன ஆட்டக் கடைகளின் கிடங்கு என்று தேடுகிறார்கள்.

இரண்டாவது, கேசட்டில் உள்ள சிப்பை ஒரு கருவியில் பொருத்தி, அதில் இருப்பது அனைத்தையும் கம்ப்யூட்டரில் நகல் எடுப்பது. நகலில் படம் எது, பாட்டு எது என்று பெயர் எழுதி வைத்திருக்காது. எல்லாம் வெறும் எண்கள்.

மூன்றாவது வேலைதான் கடினம். அந்த எண் குவியலில், பாட்டு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை மட்டும் வெட்டி எடுத்துச் சிறு கோப்பாகச் செய்கிறார்கள். பழைய சிப்பைப் போலவே நடிக்கும் ஒரு கம்ப்யூட்டர் நிரல் அந்தக் கோப்பைப் படித்துப் பாடுகிறது. வித்வான் இறந்துவிட்டார், ஆனால் அவர் பாணியை அப்படியே கற்ற சீடன் வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்த யந்திரங்களுக்கு வேறு வழி. 1990-ம் ஆண்டு வந்த "சூப்பர் ஃபாமிகாம்" யந்திரத்தில் ஒலிக்கென்று தனியாக 64 கிலோபைட் நினைவகம் இருந்தது. பாட்டு தொடங்கும் நேரத்தில் அந்த நினைவகத்தை அப்படியே போட்டோ பிடிப்பது போல நகல் எடுத்தால் போதும். முழுப் பாட்டும் கைக்கு வந்துவிடும்.

சி.டி.யில் வந்த ஆட்டங்கள் சிலவற்றுக்கு எந்த வித்தையும் தேவையில்லை. சாதாரண சி.டி. பிளேயரில் போட்டாலே பாட்டு கேட்கும்!

"கமோடோர் 64" என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் 1982-ம் ஆண்டு வந்தது. அதில் மூன்றே குரல். அதற்காக எழுதப்பட்ட பாட்டுகளில் 50,000-க்கும் மேற்பட்டவற்றை ஆர்வலர்கள் திரட்டி விட்டார்கள். சம்பளம் வாங்காமல் செய்த வேலை இது.

பாட்டரி செத்தால் ஆட்டமும் செத்தது

கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய யந்திரங்களின் கதை இன்னும் கடினம்.

தங்கள் ஆட்டத்தை யாரும் நகல் எடுக்கக்கூடாது என்று கம்பெனிகள் பூட்டுப் போட்டன. 1993-ம் ஆண்டு முதல் காப்காம் கம்பெனி விற்ற ஒருவகைப் பலகைகளில், பூட்டைத் திறக்கும் சாவி, பாட்டரியில் உயிர் வாழும் நினைவகத்தில் இருந்தது. சில ஆண்டுகளில் பாட்டரி தீரும். சாவி அழியும். நல்ல நிலையில் இருந்த யந்திரமும் அன்றோடு செத்த பிணம்!

ஆர்வலர்கள் விடவில்லை. பல ஆண்டு உழைத்து அந்தப் பூட்டைத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இத்தாலி நாட்டில் 1997-ம் ஆண்டு தொடங்கிய "மாம்" என்ற நிரல் இத்தகைய யந்திரங்களை நகல் செய்கிறது. வேறு வழியே இல்லாத சிப்புகளின் மேலோட்டை அமிலத்தால் கரைத்து, உள்ளே இருப்பதை மைக்ராஸ்கோப்பில் போட்டோ எடுத்துப் படித்த சம்பவங்களும் உண்டு.

மைக்கேல் ஜாக்சன் மர்மம்

பாட்டைத் தேடுவது ஒரு வேலை. பாட்டுக்குச் சொந்தக்காரரைத் தேடுவது இன்னொரு வேலை. பல கம்பெனிகள் இசை அமைத்தவரின் பெயரையே போடவில்லை. பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனி ஆளை இழுத்துக்கொள்ளும் என்ற பயம்! இசை அமைத்தவர்கள் புனைபெயரில் ஒளிந்தார்கள்.

இந்த வகையில் பெரிய மர்மம் "சோனிக் 3". சேகா கம்பெனியின் ஆட்டம். 1994-ம் ஆண்டு வந்தது. அதன் இசையில் பாடகர் மைக்கேல் ஜாக்சனுக்குப் பங்கு உண்டு என்று பேச்சு இருந்தது. ஆட்டத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

2009-ம் ஆண்டு, அவருடன் வேலை செய்த பிராட் பக்ஸர் என்ற இசைக் கலைஞர் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ஜாக்சன் அந்த இசையில் வேலை செய்தது உண்மை என்றார். அந்த யந்திரத்தில் இசை ஒலித்த விதம் ஜாக்சனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் பெயர் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

அந்த ஆட்டத்தில் பனிமலைக் காட்சி ஒன்று வரும். அதன் பாட்டு, பக்ஸர் இருந்த ஜெட்சோன்ஸ் என்ற குழு 1980-களின் தொடக்கத்தில் பதிவு செய்த பாட்டு என்பதை ரசிகர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்!

1997-ம் ஆண்டு அதே ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, சில பாட்டுகளுக்குப் பதில் வேறு பாட்டுகள் இருந்தன. அவை புதிதாகச் செய்தவையா? 2019-ம் ஆண்டு விடை கிடைத்தது. 1993-ம் ஆண்டு நவம்பர் மாதம் தயாரித்த சோதனைப் பிரதி ஒன்று வெளியே வந்தது. "புதிய" பாட்டுகள் அதிலேயே இருந்தன! அதாவது அவைதான் பழையவை.

ஜாக்சனின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் ஒன்று தெளிவாகிறது. ஒருவர் அந்தச் சோதனைப் பிரதியைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார். அதனால் உண்மை தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இசைக்குச் சம்பளம் கொடுத்தது அவர்கள். உரிமையும் அவர்களுடையது. கண்டவர்கள் நகல் எடுத்து விற்றால் நஷ்டம் அவர்களுக்கு.

அமெரிக்காவில் நூலகங்கள் ஒரு கோரிக்கை வைத்தன. கடையில் கிடைக்காத பழைய ஆட்டங்களை, ஆராய்ச்சி செய்பவர்கள் தங்கள் இடத்தில் இருந்தபடியே பார்க்க அனுமதி வேண்டும் என்றன. பொழுதுபோக்க ஆடுபவர்களும் உள்ளே நுழைந்துவிடுவார்கள், விற்பனை கெடும் என்று கம்பெனிகள் எதிர்த்தன. 2024-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அதே மாதக் கடைசியில் இன்னொரு சேதி. நிண்டெண்டோ கம்பெனி தன் பழைய ஆட்டங்களின் பாட்டுகளைச் செல்போனில் கேட்க ஒரு செயலியை வெளியிட்டது. பழைய பாட்டுக்கு மவுசு இருக்கிறது என்பது கம்பெனிக்கும் தெரிகிறது.

இது நல்ல காரியம்தான். ஆனால் இது புகழ் பெற்ற ஆட்டங்களுக்குச் சரி. கம்பெனியே மூடிப்போன ஆட்டங்களுக்கு யார் செயலி விடுவார்கள்? உரிமை யாரிடம் என்பதே தெரியாத பாட்டை யார் காப்பாற்றுவார்கள்? அந்தப் பாட்டுகளுக்கு ஆர்வலர்களை விட்டால் கதி இல்லை.

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இசை அமைத்தவரின் உரிமை, அவர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். கம்ப்யூட்டர் நிரலை முறையாக வைத்திருப்பவர், அது அழிந்துபோகாமல் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பு நகல் எடுக்கலாம். லாப நோக்கம் இல்லாத பொது நூலகம், தன்னிடம் உள்ள நூல், இசைத்தட்டு போன்றவற்றைப் பாதுகாக்க மின்னணு நகல் வைக்கலாம் என்று 2012-ம் ஆண்டு திருத்தம் சொல்கிறது. நகல் எடுத்து விற்பதற்கும், ஊருக்கெல்லாம் பரப்புவதற்கும் இந்தச் சலுகை பொருந்தாது.

ஆகவே கதவு முழுவதும் மூடியில்லை. ஒரு சாண் திறந்திருக்கிறது.

நம் ஊர்த் தாளம் வேறு!

ஜப்பான்காரர்கள் தங்கள் பாட்டைப் பாதுகாத்துவிட்டால் நமக்கு என்ன குறை? இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது.

1990-ம் ஆண்டுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்றவை பெரும்பாலும் அசல் யந்திரங்கள் அல்ல. ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். "ஒரே கேசட்டில் 9,999 ஆட்டம்" என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டம்தான் மாறி மாறி வரும்!

ஜப்பானின் டெலிவிஷன் விநாடிக்கு 60 துடிப்புக் கணக்கில் ஓடியது. இந்தியாவின் டெலிவிஷன் 50 துடிப்பு. அந்த ஆட்டங்களில் பாட்டின் தாளம் இந்தத் துடிப்போடு கட்டப்பட்டிருந்தது. 60 துடிப்புக்கு எழுதிய பாட்டு 50 துடிப்பு யந்திரத்தில் ஓடினால் மெதுவாகிவிடும். ஜப்பானில் 60 விநாடியில் முடியும் பாட்டு, இங்கே 72 விநாடி இழுக்கும்.

நகல் யந்திரங்கள் சிலவற்றில் குரலே மாறி ஒலித்தது. போலிச் சிப்பு, அசல் சிப்பைப் போல அச்சாக வாசிக்கவில்லை.

அப்படியானால் அத்தகைய யந்திரத்தின் முன் உட்கார்ந்த கள்ளக்குறிச்சிப் பிள்ளை கேட்ட பாட்டு, டோக்கியோ பிள்ளை கேட்ட பாட்டு அல்ல! அசல் கேசட்டில் இருந்து எடுத்து வைத்திருக்கும் கோப்பைப் போட்டுக் கேட்டால், "இவ்வளவு வேகமாகவா இருந்தது?" என்று திகைக்க நேரிடும். ஞாபகம் பிசகவில்லை. யந்திரம்தான் வேறு.

ஜப்பானியக் கம்பெனி தன் அசல் பாட்டைக் காப்பாற்றும். நம் ஊரில் ஒலித்ததை அது ஏன் காப்பாற்ற வேண்டும்? அதை வைத்திருப்பது நம் வீட்டுப் பழைய யந்திரம் மட்டுமே. அது காயலான் கடைக்குப் போனால், அந்த ஒலியும் அதோடு போகும்.

தமிழ் பேசும் ஆட்டம்

இன்று தமிழ்ப் பாட்டே வீடியோ கேமில் ஏறிவிட்டது. கனடா நாட்டில் டொரான்டோ நகரில் உருவான "வெண்பா" என்ற ஆட்டம் 2023-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி வந்தது. வெளிநாடு போன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா சமைப்பதுதான் ஆட்டம். அடுப்படியில் ரேடியோ பாடும். பல காலத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் புதிதாக அமைத்த பாட்டுகள் அவை. 2024-ம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும் அந்த ஆட்டத்துக்குக் கிடைத்தது.

இன்னும் முப்பது ஆண்டு கழித்து, "வெண்பா" ஓடும் யந்திரம் கிடைக்குமா? அந்த ரேடியோ பாடுமா? இன்று ஜப்பானியக் கேசட்டுக்கு வந்த கேள்வி, நாளை தமிழ்ப் பாட்டுக்கும் வரும்.

பரணில் பாருங்கள்

வீட்டில் பழைய யந்திரமோ கேசட்டோ இருந்தால் எடைக்குப் போட வேண்டாம். ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். வாங்கிய ஊர், ஆண்டு, விளையாடிய பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள்.

முக்கியமாக, வாயால் ஊதாதீர்கள்! எச்சிலின் ஈரம் பட்டால் உலோகப் பற்கள் அரித்துப்போகும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் எல்லாம் செய்த தவறு அது. சுத்தமான பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் சொருகினால் போதும்.

யந்திரம் இன்னும் ஓடினால், ஒரு முறை ஓடவிட்டு அந்தச் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து, வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

பரணில் ஏறியவர்கள் இன்னும் ஒன்றையும் தேடலாம். கல்யாணத்தில் பாட்டி பாடிய நலங்கு, ஊர்க் கூத்து, மலை மக்களின் பாட்டு ஆகியவற்றைப் பதிவு செய்த டேப் கேசட்டுகள் பல வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றுக்கும் ஆயுள் குறைவு. ஓட்டிப் பார்க்க டேப் ரிக்கார்டர் கிடைப்பதும் அரிதாகி வருகிறது.

மரியோ பாட்டுக்காக உலகமே தேடுகிறது. பாட்டியின் பாட்டைத் தேட அந்த வீட்டாரை விட்டால் வேறு ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணியை எடுத்துப் பரணில் சாத்துங்கள்.